போறதுக்குப் பிளான் சரி, வாரதுக்கு?

ஏலே பேராண்டி, நீயும் ஒன் சேக்காளிங்களுமா பரீயா கேன்யனுக்குப் போகப் போறதா ஒங்கம்மா சொன்னா. நல்லது, ரொம்ப நல்லது. யூட்டாவுக்கும் அரிசோனாவுக்கும் எல்லையிலேயே கெடக்குற 1,12,500 ஏக்கர் பாறைக்காடு அது. பரீயா கேன்யன் - வெர்மிலியன் கிளிஃப்ஸ்னு பேரு. உள்ள ரோடு கூடாது, வண்டி கூடாது, சைக்கிள்கூட உருளக் கூடாதுன்னு 1984-ல சட்டம் போட்டு ஒதுக்கி வச்ச எடம். பீனிக்ஸ்ல தெருமுனைக் கடைக்குக் கருவேப்பிலை வாங்கப் போகவே காரை எடுக்குற ஒனக்கு இதைவிடப் பொருத்தமான எடம் வேற கெடைக்குமா?

நான் கரிசக்காட்டுக்காரன். வெயிலைத் தின்னு வளந்த உடம்பு இது. ஒங்கப்பன் என்னைய அமெரிக்காவுக்குக் கூட்டியாந்து சோபாவுல உக்கார வச்சப்ப, டிவி எனக்கு ஒத்துக்கிடல. கனாப் ஊருக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். அங்க நிலத்துறை ஆபீசுல மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாகிட்ட, ஒங்கப்பனை நடுவுல வச்சுக் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டேன். அந்தம்மாவும் சலிக்காம சொன்னாங்க. வெயிலும் வறண்ட ஓடையும் எனக்கு முன்னமே தெரியும், மிச்சத்தை அவங்க சொல்லிட்டாங்க. அதனால ஒனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கு. கேக்கணும்னு கட்டாயம் இல்ல. கேக்காதவங்க கதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்.

மொதல்ல சீட்டு. நீ போன் முகப்புல வச்சிருக்கியே, செம்பாறை சுருண்டு சுருண்டு ஓடுற படம், 'வேவ்'னு பேரு. அந்த எடத்துக்கு ஒரு நாளைக்கு 64 பேரைத்தான் விடுவான். 2021 வரைக்கும் அதுவும் கெடயாது, வெறும் 20 பேரு. இப்ப 48 பேருக்கு நாலு மாசம் முன்னாலயே ஆன்லைன்ல குலுக்கல். மிச்ச 16 பேருக்கு, போறதுக்கு ரெண்டு நாள் முன்னால. அந்தக் குலுக்கலுக்கு நீ வீட்டுல காலை நீட்டிக்கிட்டுப் போனை அமுக்கினா எடுக்காது. கனாப், பேஜ்ங்கிற ஊருங்க பக்கத்துல அவன் வரைஞ்சு வச்சிருக்கிற எல்லைக்குள்ள போயி நின்னாத்தான் எடுக்கும். முன்னெல்லாம் ஆபீசுக்குள்ளயே ஆளுங்க கூடி நிக்க, நம்பர் போட்ட உருண்டைகளைக் கூண்டுல போட்டு உருட்டி எடுப்பாங்களாம். விழாதவன் மறுநாளும் வந்து அதே எடத்துல நிப்பானாம். விண்ணப்பத்துக்கு 9 டாலர். சீட்டு விழலைன்னா அந்த 9 டாலர் போனது போனதுதான்.

நீ எப்படியும் ஜெயிச்சிருவ. சின்ன வயசுல கோயில் கொடையில வளையம் வீசி சோப்பு டப்பா எடுத்த ராசிக்காரன்ல! ஆனாலும் ஒரு பேச்சுக்குச் சொல்றேன், விழலைன்னா மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வராத. 89-ஆம் நம்பர் ரோட்டு ஓரத்துலயே டோட்ஸ்டூல்ஸ்னு ஒரு எடம் இருக்கு, குடை பிடிச்ச மாதிரி கல்லுங்க நிக்கும், குலுக்கல் கிடையாது. பக்ஸ்கின் கல்ச்ங்கிற பாறைச் சந்துக்குள்ள பகல்ல மட்டும் போயிட்டு வாரதுக்கும் குலுக்கல் இல்ல, காசு கட்டிச் சீட்டு வாங்கினாப் போதும். உள்ள ராத்தங்கணும்னாத்தான் கெடுபிடி. ஒரு நாளைக்கு 20 பேரு, ஒரு கூட்டத்துல 10 பேருக்கு மேல கூடாது. படத்துல பாத்த எடத்துக்குத்தான் போவேன்னு நிக்கிறவனுக்குப் படத்தை மறுபடி ஒருக்காப் பாக்கத்தான் லபிக்கும்.

இன்னொரு கூத்து கேளு. கோடையில யூட்டாக்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சிக்கிடுவான். அரிசோனாக்காரன் வச்சது வச்சபடியே இருப்பான். பக்கத்துல இருக்கிற நவஹோ மக்களோட பூமியில பெரும்பகுதி அரிசோனாவுக்குள்ளதான் கெடக்கு, ஆனா அவங்களும் தள்ளி வைப்பாங்க. நீ எல்லையோரமா வண்டி ஓட்டும்போது ஒன் போன் எந்த டவரைப் பிடிக்குதோ அந்த மணியைக் காட்டும். சீட்டு விழுந்தவங்களுக்குக் காலையில வைக்கிற விளக்கக் கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குன்னு நெனச்சு நிதானமா காபி குடிச்சுக்கிட்டு இருப்ப. சீட்டு விழுந்தும் கோட்டை விட்டவன்னு பேரு வாங்கணும்னா இதைவிடச் சுளுவான வழி இல்ல. அதனால கையில ஒரு பழைய வாட்சைக் கட்டிக்கோ. அதுக்கு எல்லை தெரியாது, புத்தியும் மாறாது.

அடுத்தது மாசம். ஒங்க மேனேஜர் ஜூலையிலதான் லீவு தாராராம், அதனால ஜூலையில போறீங்களாம். வெயிலுக்கு இந்தச் சேதியை முறைப்படி மெயில் போட்டுத் தெரிவிச்சிட்டியா? அங்க ஜூலையில வெயில் சதம் அடிக்கும். வேவுக்குப் போய்வர ஆறு மைலுக்கு மேல நடை. வழின்னு ஒண்ணு கெடயாது, அவங்க குடுக்கிற படத்தையும் வரைபடத்தையும் பாத்துப் பாறை மேல நடக்கணும். ஒரு மர நெழல் இல்ல, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. 2013-ல ஜூலை ஒரே மாசத்துல அந்த நடையில மூணு பேரு வெயில் தாங்காம செத்துப் போனாங்க. அதுல ரெண்டு பேரு எழுபதை ஒட்டின புருசன் பொண்டாட்டி. வயசானவங்க, அதான்னு சொல்ல வருவ. மூணாவது ஆளு ஒன் வயசுதான்லே, இருபத்தேழு. சித்திரை கடைசியில இருந்து வைகாசி வரைக்கும், இல்லைன்னா புரட்டாசி கடைசியில இருந்து ஐப்பசி வரைக்கும்னு வச்சுக்கோ, அதுதான் மனுசன் நடக்கிற காலம். மேனேஜர் குடுக்கலைன்னா அடுத்த வருசம் போ. அந்தப் பாறை பத்தொம்பது கோடி வருசத்துக்கு முந்தின மணல்மேடு, இறுகிக் கல்லாயிருக்கு. இன்னொரு வருசம் காத்திருக்காதா?

தண்ணிக்கு வாரேன். ஒன் சாமான் பட்டியலை ஒங்கப்பன் காட்டினான். கேமரா, அதுக்கு மூணு லென்சு, முக்காலி, ட்ரோன், ட்ரோனுக்கு நாலு பேட்டரி. தண்ணி ஆளுக்கு ஒரு பாட்டில். நல்ல பங்கீடு. தாகம் எடுத்தா லென்சைச் சப்பிக்கிடலாம். ஆமா, ட்ரோனை வீட்டுலயே வச்சிட்டுப் போ, அந்தக் காட்டுக்குள்ள அதை ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாது. பையில அது இருந்த எடத்துல தண்ணியை வையி. அந்த ஊருக் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், நம்ம கணக்குல நாலு லிட்டருக்குக் கொஞ்சம் கொறச்சல். லிட்டருக்கு ஒரு கிலோ. பரீயா முழுசும் நடக்கணும்னா, ஒயிட் ஹவுஸ்ங்கிற எடத்துல எறங்கி (பயப்படாத, பிரசிடெண்டு கிடையாது) லீஸ் ஃபெரியில ஏறுற வரைக்கும் 38 மைல், நாலு நாள் ஆகும். அத்தனை நாளுக்கும் தண்ணியை முதுகுல கட்டிக்கிட்டா பதினஞ்சு கிலோவுக்கு மேல. ஜிம்முல தூக்குற ஆளுதானே, தூக்கிருவ. ஆனா அங்க கண்ணாடி இருக்காது.

அதனால வழியில இருக்கிற ஊத்துங்களைத் தெரிஞ்சு வச்சிக்கணும். சுவத்துல கசியிற ஊத்து சிலது இருக்கு. கீழ போகப் போகக் கொறைஞ்சிக்கிட்டே வரும். 'கடைசியா நம்பக்கூடிய ஊத்து'ன்னே வரைபடத்துல ஒண்ணுக்குப் பேரு போட்டிருக்கான். அதைத் தாண்டினப்புறம் ஒன் பாட்டிலுல என்ன இருக்கோ அதுதான். பரீயா ஆத்துலதான் தண்ணி ஓடுதே தாத்தாங்காத. ஓடுது, சேறாட்டம் ஓடுது. அதுல ஒன் முந்நூறு டாலர் பில்ட்டரைப் போட்டா அரைமணியில மூச்சு முட்டி நின்னுரும். அங்க நடக்கிறவன் என்ன பண்றான் தெரியுமா? வாளியில மோந்து படிகாரத்தூளைப் போட்டுக் கலக்கி வைக்கிறான். மண்ணு அடியில தங்கினதுக்கு அப்புறம் மேல தெளிஞ்சதை எறுத்து, அதுக்கு மேல பில்ட்டர் பிடிக்கிறான். ஒங்க ஆச்சி கம்மாத் தண்ணியைக் குடத்துல ஊத்தி, அடியில தேத்தாங்கொட்டையை உரசி வச்சப்ப, 'அன்ஹைஜீனிக்'னு சொன்னவன் நீ. இப்பக் கடையில போயிப் படிகாரம் கேளு. சவரக்கடையில இருக்குமேன்னு கேட்டா முழிப்பான், மளிகைப் பகுதியில ஊறுகா போடுற சாமானோட சேத்து வச்சிருப்பான்.

வெறும் தண்ணியை மட்டும் மடக்கு மடக்குன்னு குடிச்சாலும் ஆபத்துதான். வேர்வையில உப்புப் போயிரும், தண்ணி மட்டும் உள்ள போனா தலை கிறுகிறுத்து வாந்தி வரும். அதனால ஒங்கம்மா குடுத்தனுப்புற முறுக்கையும் உப்புக்கடலையையும் சேக்காளிங்க முன்னால கூச்சப்பட்டுப் பையிலயே வச்சிராத, எடுத்துத் தின்னு.

இப்ப வெள்ளம். இங்கதான் கொஞ்சம் நின்னு பேசணும்.

பக்ஸ்கின் கல்ச்னா ஒரு சந்து. பன்னெண்டு பதிமூணு மைல் நீளம். சில எடத்துல ரெண்டு கையையும் முழுசா விரிக்க முடியாது, சுவர் மட்டும் நானூறு அடிக்கு மேல போகும். வெயிலே படாத தண்ணி குட்டை குட்டையா நிக்கும், ஆனி ஆடியிலயும் பல்லு கிட்டிக்கிடும். அங்க நீ செல்பி எடுக்கப் போனைத் தூக்குவ. தூக்கும்போது இன்னும் கொஞ்சம் அண்ணாந்து பாரு. ஒன் தலைக்கு மேல நாலஞ்சு ஆள் உயரத்துல, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கால ஒரு மரத்தடி இறுகிக் கெடக்கும். பட்டை எல்லாம் உரிஞ்சு வெளுத்திருக்கும், ஒரு முனையில வேரு ஒடிஞ்ச தடம் தெரியும். கணுவுல புல்லும் சுள்ளியும் சுத்தி, அதுக்கு மேல மண்ணு காஞ்சு ஒட்டியிருக்கும். அதை அங்க ஏணி வச்சு ஏறி எவனும் சொருகல. தண்ணி கொண்டாந்து வச்சது. தண்ணி அந்த மட்டத்துக்கு வரும்போது ஒன் மண்டை எந்த மட்டத்துல இருக்கும்னு ஒரு கணக்குப் போடு.

இதுல வேடிக்கை, அந்தத் தண்ணிக்கு ஒன் தலைக்கு மேல மேகம் இருக்கணும்னு அவசியமே இல்ல. குத்தாலத்துல நீ அருவிக்கு அடியில குளிச்சிக்கிட்டு இருப்ப, பொதிகை மேல எங்கயோ மழை கொட்டும், சங்கு ஊதினா ஓடுவோம்லா, அந்த மாதிரிதான். ஆனா இங்க சங்கு ஊத ஆளு இல்ல, ஓடி ஏற கரையும் இல்ல. பரீயா ஆறு பொறக்கிறதே வடக்க பிரைஸ் கேன்யன் பக்கம். அங்க பெய்யிற மழை நீ நிக்கிற சந்துக்கு வந்து சேரும்போது ஒன் தலைக்கு மேல நீல வானமா இருக்கும். பேஜ் பக்கத்துல ஆன்டெலோப் கேன்யன்ல 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அப்படித்தான் ஆச்சு. மழை பெஞ்சது மைல்கணக்குத் தள்ளி. உள்ள இருந்த சுற்றுலாக்காரங்க 11 பேரு போயிட்டாங்க. ஆடி ஆவணி புயல்மழைக் காலம்னு அப்ப மட்டும் பயந்தாப் போதாது, 2023 மார்ச்சுல பக்ஸ்கின் சந்துலயே வெள்ளம் ஆளைக் கொண்டு போச்சு.

ஒன் எக்செல் ஷீட்டைப் பாத்தேன். அழகா இருக்கு, கலர் எல்லாம் அடிச்சிருக்க. எத்தனை மணிக்கு எங்க, எவன் என்ன சமைக்கணும், எந்தப் பாறையில எந்த போஸ். வானத்துக்கு ஒரு கட்டம் போட்டிருக்கியான்னு தேடினேன், காணோம். போட்டுக்கோ. கெளம்புற அன்னைக்குக் காலையில கனாப்லயோ பரீயாவுலயோ இருக்கிற ஆபீசுல போயி, மேல்பக்கம் மழை உண்டான்னு கேளு. கொஞ்சம் சந்தேகமா இருக்குன்னு அவங்க இழுத்தாலே அதுக்கு அர்த்தம் வேண்டாம்ங்கிறதுதான். நம்ம ஊருல பொண்ணு வீட்டுக்காரன் 'யோசிச்சுச் சொல்றோம்'னு சொன்னா என்ன அர்த்தமோ அதே அர்த்தம்.

மழைன்னதும் ரோடு ஞாபகம் வருது. ஹவுஸ் ராக் வேலி ரோடுன்னு ஒரு மண்ரோடு, வேவுக்கும் பக்ஸ்கினுக்கும் நடையைத் தொடங்குற வயர் பாஸுக்கு அதுலதான் போகணும். காஞ்சு கெடந்தா ஒன் கார் போகும். நனைஞ்சா களிமண்ணு. சக்கரம் சுத்தும், வண்டி நகராது. வாடகைக் காருன்னா, குடுத்தவன் ஒப்பந்தத்துல பொடி எழுத்துல மண்ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னு பெரும்பாலும் போட்டிருப்பான். நீ அதைப் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டிருப்ப. அங்க போனுக்கு டவர் கெடயாது.

டவர் இல்லைன்னா ஒங்க தலைமுறைக்குப் பொழுது எப்படிப் போகும்னு ஒரு பக்கம் கவலை இருந்தாலும், இன்னொரு கவலை பெருசு. போற எடத்தை யாருகிட்டயும் சொல்லாம சர்ப்ரைஸா போயிட்டு வந்து போட்டோ போடணும்னு ஒன் சேக்காளி சொன்னானாமே! அவனுக்கு ஆரன் ரால்ஸ்டன் கதையைச் சொல்லு. 2003 ஏப்ரல்ல யூட்டாவுல ப்ளூஜான் கேன்யனுக்குள்ள தன்னந்தனியா எறங்கினான். எங்க போறேன்னு ஒரு ஈ காக்காகிட்ட சொல்லல. பெரிய கல்லு ஒண்ணு உருண்டு வலது கையைச் சுவரோட சேத்துப் பிடிச்சிருச்சு. தேட வேண்டியது அங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அஞ்சு நாள் கழிச்சு மொன்னைக் கத்தியால தன் கையைத் தானே அறுத்துக்கிட்டுத்தான் வெளிய வந்தான். அதைத்தான் '127 ஹவர்ஸ்'னு 2010-ல படமா எடுத்தாங்க, நம்ம ஏ.ஆர். ரஹ்மான்தான் மீசிக் போட்டாரு, ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு. ஒன் கதைக்கு ரஹ்மான் வரமாட்டாரு, அவருக்கு வேலை இருக்கு. அதனால எந்த வழியா நுழையிறீங்க, எங்க ஏறுறீங்க, எத்தனை மணிக்குள்ள போன் வரலைன்னா போலீசுக்குச் சொல்லணும்ங்கிறதை ஒரு தாள்ல எழுதி ஒங்கம்மா கையில குடு. சாட்டிலைட்டுல சேதி அனுப்புற குட்டிக் கருவி வாடகைக்குக் கெடைக்கும், அதையும் வாங்கிக்கோ. இந்த ஒண்ணுல மட்டும் காசு பாக்காத.

அடுத்தது ஒங்கம்மா முன்னால பேச முடியாத சங்கதி. நாங்க செம்பைத் தூக்கிக்கிட்டுக் கம்மாக்கரைக்குப் போனதுக்கு நீ எவ்வளவு சிரிச்சிருக்க! இப்ப ஒன் முறை. பரீயாவுக்குள்ள ராத்தங்குறவன் எவனா இருந்தாலும் காலைக்கடனைப் பையில வாங்கி, முடிச்சுப் போட்டு, முதுகுலயே தூக்கிக்கிட்டு வெளிய வரணும். அதுக்குன்னு தனிப் பை உண்டு. ஒடுக்கமான கேன்யன், மண்ணுல ஈரமில்ல, புதைச்சா மக்காது, வெள்ளம் வந்தா எல்லாம் ஆத்துக்கு. சட்டம் நியாயமான சட்டம். அமெரிக்காவுல லட்சக்கணக்குல சம்பளம் வாங்குற என் பேரன் முதுகுல எதைச் சுமக்கிறான்னு ஊருல கேட்டா, லேப்டாப்புன்னு சொல்லிக்கிடுறேன். தீ மூட்டவும் கூடாது, அதனால கேம்ப்பயர் முன்னால கித்தார் வாசிக்கிற கனவையும் சேத்து அந்தப் பையில போட்டு முடிஞ்சிரு.

காலை எங்க வைக்கிறன்னு பாத்து வையி. மணல்ல கருப்பா, பொரிப் பொரியா ஒரு மேலோடு படிஞ்சிருக்கும். மண்ணு அழுக்குன்னு நெனைப்ப. அது உசுரு. நுண்ணுயிரும் பாசியும் காளானும் சேந்து மண்ணைக் கட்டிப் பிடிச்சு வச்சிருக்கு, அதனாலதான் காத்துல மணல் பறக்காம கெடக்கு. நீ ஒரு மிதி மிதிச்சா திரும்ப வளர பல வருசம் ஆகும். பாறை மேலயோ ஓடை மணல்லயோ நட. ஆத்துக்குள்ள நடக்கும்போது திடீர்னு முழங்கால் வரைக்கும் புதையும். சினிமாவுல வார மாதிரி முழுங்கிராது, ஆனா ஷூவை வாங்கிக்கிடும். பதறாம காலை ஆட்டி ஆட்டி எடு.

இவ்வளவும் தாண்டி அண்ணாந்தா, வெர்மிலியன் கிளிஃப்ஸ் செம்பாறை மேல பெரிய பறவை ஒண்ணு வட்டமடிக்கும். காண்டோர். ரெக்கையை விரிச்சா ஒன்பதடிக்கு மேல. 1982-ல உலகத்துலயே 22-தான் மிச்சம்னு ஆகி, பிடிச்சு வளத்து, 1996 டிசம்பர்ல இந்தப் பாறையில இருந்துதான் அரிசோனா வானத்துல திரும்ப விட்டாங்க. பெரும்பாலும் ரெக்கையில நம்பர் மாட்டியிருக்கும். அதுக்குக்கூட நம்பர் இருக்கு பாத்தியா, நீதான் பெர்மிட்டை வீட்டுலயே வச்சிட்டு வந்திருப்ப. இன்னொண்ணு, அது செத்ததைத் தின்னுற ஜாதி. ஒனக்கு மேலயே ரொம்ப நேரம் சுத்திச்சுன்னா போட்டோ எடுத்தது போதும், எந்திரிச்சு நட.

கடைசியா ஒண்ணு, இதுக்காகத்தான் இவ்வளவும் பேசினேன். நீங்க எல்லாரும் போறதுக்குப் பிளான் போட்டிருக்கீங்க, திரும்புறதுக்குப் போடல. எத்தனை மணி ஆனா எங்க நின்னாலும் திரும்பிரணும், தண்ணி எவ்வளவு கொறைஞ்சா திரும்பணும், மேகம் எந்தப் பக்கம் கறுத்தா சந்துக்குள்ள காலே வைக்கக் கூடாதுன்னு வீட்டுலயே பேசி வச்சிக்கோங்க. அங்க போயிப் பேசினா வீம்புதான் பேசும். 'இவ்வளவு தூரம் வந்தாச்சு', 'குலுக்கல்ல விழுந்த சீட்டு', 'இன்னும் அரை மைலுதான்'னு ஆளுக்கு ஒரு வக்கீலா மாறிருவீங்க. கூட்டத்துல ஒருத்தன் வேண்டாம்னா எல்லாருக்கும் வேண்டாம். ஓட்டெடுப்பு கெடயாது.

அப்படிப் பாதியில திரும்பி வந்தா, எனக்குப் போன் போடு. 'ஏலே பயந்தாங்கொள்ளி'ன்னு வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஒங்க மாமனுக்குச் சொல்லுவேன், ஊருல டீக்கடை வரைக்கும் சொல்லுவேன், ஒன் கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சும் சொல்லுவேன். அத்தனை ஏச்சையும் வாங்கிக்கிட நீ முழுசா வந்து முன்னால நிக்கணும், கை ரெண்டும் இருக்கணும். சரி, எந்திரி. கடை சாத்துறதுக்குள்ள போயிப் படிகாரம் வாங்கிட்டு வா.